தாதி வேலையோடு வத்தானியாவிலும் சேரலாமா?

11 ஆகஸ்ட் 2024, காலை
(ஒரு வாசகியின் கேள்வி)
ஜொகூர் மாநிலத்து லாபிஸ்காரி நான். தாதிப் பயிற்சி முடித்து நான்கு வருடம் ஆகிறது. செகாமட்டில் வேலை. மலேசிய ராணுவத்தின் சுயேச்சைச் சேமப் படையான அஸ்கார் வத்தானியாவில் பகுதிநேரமாகச் சேர விருப்பம். என் வார்டிலேயே ஒரு மலாய்த் தோழி அதில் இருக்கிறாள். அவள் ஆண்டு முகாமுக்குப் போய்வந்து சொன்ன கதைகளைக் கேட்டதிலிருந்து மனம் அங்கேயே நிற்கிறது. அம்மா, "பெண் பிள்ளைக்குத் துப்பாக்கி எதற்கு?" என்கிறார். அப்பா செம்பனைத் தோட்டத்திலிருந்து வந்து, கேட்டும் கேட்காதது போல் படுத்துக்கொள்கிறார். நம்மவர்கள் யாராவது சேர்ந்திருக்கிறீர்களா? மருத்துவத் துறையில் இருப்பவருக்கு அதனால் உண்மையில் பயன் உண்டா?

11 ஆகஸ்ட், இரவு
சேருங்கள், தங்கை. யோசிக்க ஒன்றுமில்லை.

நான் மருத்துவ உதவியாளர், பழைய பெயரில் எச்.ஏ. அப்பா ரப்பர் தோட்டத்து மருந்தகத்தில் கட்டுப் போடும் டிரஸர். 1999 முதல் 2014 வரை வத்தானியாவில் இருந்தேன். வார நாட்களில் அரசாங்க கிளினிக், பல வார இறுதிகளில் பச்சைச் சீருடை, வருடத்துக்கு ஒருமுறை முகாம். வத்தானியா 1958 ஜூன் 1 அன்று உருவானது. ராணுவத்தின் ஒரு பகுதிதான் அது. காவலாளி வேலையோ பொழுதுபோக்குச் சங்கமோ அல்ல. அதில் மருத்துவம் படித்தவர்களுக்கு எப்போதும் பஞ்சம். நீங்கள் போனால் வரவேற்பார்கள்.

12 ஆகஸ்ட்
நேற்று அவசரத்தில் விட்டுப்போனவை.

பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கு வேறு வழி இருக்கிறது: பாலாபெஸ், பல்கலைக்கழக மாணவர்களுக்கான சேமப் படை அதிகாரிப் பயிற்சி. மூன்று வருடப் பயிற்சி, முடித்தால் லெஃப்டினன் மூடா என்னும் தொடக்க அதிகாரிப் பதவி. அதிகாரியாகவே சேமப் படைக்குள் போகலாம். தாதிக் கல்லூரியில் டிப்ளோமா முடித்தவர்களுக்கு அந்த வழி கிடைக்காமல் போயிருக்கும். நீங்கள் சாதாரண வீரராகத் தொடங்கி ஏற வேண்டும். அது குறையல்ல. ஸ்ட்ரெச்சர் தூக்கிப் பழகாத அதிகாரிக்கு அதன் பாரம் தெரியாது.

விடுப்பு விஷயம். அரசு ஊழியருக்குச் சுயேச்சைப் படைப் பயிற்சிக்கென்று பதிவில் சேராத விடுப்பு உண்டு, பொது ஆணைகளில் எழுதியிருக்கிறது. ஆண்டு விடுப்பில் கை வைக்கவேண்டியதில்லை. மனுவை மட்டும் மிக முன்னதாகக் கொடுங்கள்.

படித்தொகை பதவிக்கேற்ப மணிக்கணக்கில் வரும். பணத்துக்காகச் சேராதீர்கள், இரவு ஷிஃப்ட் செய்தாலே அதைவிடக் கிடைக்கும்.

14 ஆகஸ்ட்
அம்மாவுக்கு ஒரு பதில்.

"பெண் பிள்ளைக்குத் துப்பாக்கி எதற்கு" என்று கேட்கும் தாய்மார்களுக்கு நம் தோட்டங்களின் கதை மறந்துவிட்டது. 1943இல் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் பெண்களுக்கான ஜான்சி ராணிப் படை உருவானபோது அதில் சேர்ந்த பெண்களில் பெரும்பகுதியினர் மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டியவர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும்தான். இந்தியாவைக் கண்ணால் பார்த்திராதவர்கள் அவர்களில் ஏராளம். படையை நடத்தியவர் டாக்டர் லட்சுமி. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1938இல் தேர்ந்து, 1940இல் சிங்கப்பூருக்கு வந்து ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தவர். கோலாலம்பூரில் வளர்ந்த ஜானகி பதின்ம வயதில் அதில் சேர்ந்தார். போருக்குப் பிறகு, மலாயாவுக்கு வந்த இந்திய காங்கிரஸ் மருத்துவக் குழுவில் வேலை செய்தார்.

என் பாட்டி தன் தோட்டத்துப் பெண்கள் காதில் கிடந்ததைக் கழற்றி அந்த ராணுவத்தின் நிதிக்குக் கொடுத்ததைச் சொல்லிக்கொண்டே இருப்பார். சொல்லும்போது கை தானாகக் காதுக்குப் போகும்.

அம்மாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். சண்டையாக வேண்டாம், சாப்பாட்டுக்குப் பிறகு.

15 ஆகஸ்ட்
நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். ஒரு இடம் நெருடுகிறது. லட்சுமியை நான் தாதிக்கு உதாரணமாகக் காட்டிவிட்டேன். அவர் அந்தப் படையில் மருத்துவராகப் போகவில்லை, தளபதியாகப் போனார். இரண்டும் ஒன்றல்ல. சட்டத்தின் பார்வையிலும் ஒன்றல்ல. அதைத் தனியாக எழுத வேண்டும். இன்று நேரமில்லை.

18 ஆகஸ்ட்
"பயன் உண்டா" என்று கேட்டீர்களே, அதற்கு ஒரு நாள் கதை.

2016. வத்தானியாவை விட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஒரு செம்பனைத் தோட்டத்துக் கிளினிக்குக்கு வாரம் இரண்டு நாள் போய்க்கொண்டிருந்தேன். காலையில் டிராக்டரில் ஒரு வங்காளதேசத்துப் பையனைக் கொண்டுவந்தார்கள். நீண்ட கழியில் கட்டிய அரிவாள் குலையோடு சேர்ந்து இறங்கி முன்கையைப் பிளந்திருந்தது. கட்டியிருந்த துண்டு முழுக்க நனைந்து சொட்டியது. ரத்தம் துடித்துத் துடித்து வந்தது, தமனி அறுந்திருக்கிறது என்று பார்த்ததும் தெரிந்தது.

என் அப்பா காலத்து டிரஸர்களுக்கு ஒரு பயம் உண்டு: இறுக்கிக் கட்டினால் கை அழுகிவிடும், ஆகவே கட்டாதே. கட்டினாலும் அவ்வப்போது தளர்த்திவிடு. நானும் அதையே கேட்டு வளர்ந்தவன். ராணுவத்தில் அதை உடைத்துப் போட்டார்கள். ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களின் அனுபவத்துக்குப் பிறகு உலகம் முழுவதும் இந்தப் பாடம் திரும்ப எழுதப்பட்டது: கை கால் ரத்தம் நிற்கவில்லையா, டூர்னிக்கே என்னும் இறுக்குப் பட்டையைக் காயத்துக்கு மேலே நாலைந்து விரல் தள்ளி, மூட்டின் மேல் வராமல் கட்டு. ரத்தம் நிற்கும்வரை முறுக்கு. நேரத்தை எழுது. மருத்துவமனை வரும்வரை தளர்த்தாதே. இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுசேர்த்தால் பெரும்பாலும் கை பிழைத்துக்கொள்ளும்.

கிளினிக்கில் அந்தப் பட்டை இல்லை. முக்கோணத் துணியை அகலமாக மடித்து இருமுறை சுற்றி, முடிச்சுக்குள் டிராக்டர்காரரின் ஸ்பானரைச் செருகித் திருகினேன். மூன்றாவது சுற்றில் நின்றது. பையன் வலியில் என் சட்டையைப் பிடித்துக் கிழித்தான். பேனாவை எடுத்து அவன் நெற்றியில் 9.40 என்று எழுதினேன். கூட வந்த மண்டோர் (தோட்டத்து மேற்பார்வையாளர்), "நெற்றியில் எதற்கு?" என்றார். "காகிதம் தொலையும், நெற்றி தொலையாது" என்றேன். முகாமில் சார்ஜன் சொன்ன வாக்கியம் அது, அப்படியே வாயில் வந்தது.

கை பிழைத்தது. இரண்டு விரல் முழுதாக மடங்கவில்லை.

19 ஆகஸ்ட்
ஒரு திருத்தம். ஸ்பானர் வைத்துக் கட்டியதைப் பார்த்து யாரும் அதையே வழக்கமாக்க வேண்டாம். கையால் செய்த கட்டு எளிதில் நழுவும், அகலம் குறைந்தால் நரம்பைக் கெடுக்கும். தொழிற்சாலையில் செய்த பட்டை விலைக்குக் கிடைக்கிறது. அந்தத் தோட்டத்தில் மறுவாரமே இரண்டு வாங்க வைத்தேன்.

25 ஆகஸ்ட்
கீழே ஒருவர் கேட்டிருக்கிறார், லெபனானுக்கு அனுப்புவார்களா என்று. 2007 முதல் நம் படை ஐ.நா. கொடியின் கீழ் அங்கே இருக்கிறது. 2017 இறுதியில் வங்காளதேசத்தின் காக்ஸ் பஜாரில் ரோஹிங்கியா அகதிகளுக்காக மலேசியா கள மருத்துவமனை திறந்தது. 2023 நிலநடுக்கத்துக்குப் பிறகு துருக்கியில் நம் ராணுவம் கள மருத்துவமனை நடத்தியது. இவையெல்லாம் நாம் பெருமைப்படவேண்டிய வேலைகள். ஆனால் பகுதிநேரத்தாருக்கு அப்படி ஒரு வாய்ப்பை யாரும் வாக்குறுதியாகத் தரமாட்டார்கள். அதை நம்பிச் சேர்ந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

1 செப்டம்பர்
படையில் மருத்துவராகப் போவதும் போராடப் போவதும் சட்டத்தின் பார்வையில் ஒன்றல்ல, தனியாக எழுதுகிறேன் என்றேனே, அந்த ஜெனீவா விஷயம்.

1949ஆம் ஆண்டின் முதல் ஜெனீவா உடன்படிக்கை. மலேசியாவில் 1962 முதல் இதற்கெனச் சட்டமே இருக்கிறது. உடன்படிக்கையின் 24ஆம் பிரிவு, காயம்பட்டவரைத் தேடுவது, தூக்குவது, வைத்தியம் பார்ப்பது ஆகியவற்றுக்கென்றே முழுமையாக ஒதுக்கப்பட்டவரை எல்லாச் சூழ்நிலையிலும் காக்கச் சொல்கிறது. அடுத்த பிரிவு, 25, சாதாரணப் படைவீரராக இருந்துகொண்டு தேவை வரும்போது மட்டும் தாதியாகவோ ஸ்ட்ரெச்சர் தூக்குபவராகவோ வேலை செய்பவரைப் பற்றியது. அவருக்கு அந்த வேலையில் கை வைத்திருக்கும் நேரத்தில் மட்டும்தான் பாதுகாப்பு.

இதைப் படித்துவிட்டு, "அப்படியானால் பகுதிநேரம் என்றால் 25தானே" என்று நினைக்கத் தோன்றும். நானும் பல வருடம் அப்படித்தான் புரிந்துவைத்திருந்தேன். தவறு. வருடத்தில் எத்தனை நாள் சீருடை போடுகிறீர்கள் என்பது கணக்கே இல்லை. சீருடை போட்டிருக்கும்போது எந்த வேலை கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் கணக்கு. மருத்துவப் பிரிவில், மருத்துவப் பணிக்கு மட்டும் என்று போடப்பட்டால் நீங்கள் 24. காலையில் காவல் நிற்கவும் மாலையில் கட்டுப் போடவும் வைத்தால் 25. ஆகவே சேரும்போது கேளுங்கள்: என்னை எந்தப் பிரிவில் எழுதுகிறீர்கள், காலாட்படையிலா, மருத்துவத்திலா?

துப்பாக்கி பற்றி அம்மாவிடம் இப்படிச் சொல்லலாம். 22ஆம் பிரிவின்படி மருத்துவப் பிரிவினர் தம்மையும் தம் நோயாளியையும் காப்பதற்கு ஆயுதம் வைத்திருக்கலாம், அதனால் பாதுகாப்பு போய்விடாது. பயிற்சியில் சுடக் கற்றுக்கொடுப்பார்கள். படுக்கையில் கிடப்பவனைக் காக்கத்தான் அது.

இன்னொன்று, 12ஆம் பிரிவு. யாருக்கு முதலில் வைத்தியம் என்பதை மருத்துவ அவசரம் மட்டுமே தீர்மானிக்க வேண்டும். எதிரியும் அதில் அடக்கம். தோட்டத்துக் கிளினிக்கில் துரை வீட்டு ஆள் வந்தால் வரிசை விலகி வழிவிட்ட காலத்தைப் பார்த்தவன் நான். இந்தப் பிரிவை முதல் முறை வகுப்பில் வாசித்தபோது கண் கலங்கியது.

8 செப்டம்பர்
என் அக்காள் மகன் இங்கிலாந்தில் டாக்டர். தொலைபேசியில் பேசினேன். அங்கே சேமப் படையில் உள்ளூர்ப் பிரிவு என்றால் வருடத்துக்கு 27 நாள், நாடு முழுவதிலிருந்தும் ஆள் எடுக்கும் பிரிவு என்றால் 19 நாள். மருத்துவர்கள் பலர் இந்த 19 நாள் வகை. வேலையை வைத்துக்கொண்டு இத்தனை நாள் முடியும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் மாதம் ஒரு வார இறுதி, வருடம் இரண்டு வாரம் என்பது பழைய வழக்கம். அவர்களுடைய ராணுவச் சேமப் படை, டாக்டர்களையும் பல் மருத்துவர்களையும் மயக்க மருந்துத் தாதிகளையும் வெளிநாட்டுக்கு அழைத்தால் 90 நாள் சுற்றாக அனுப்பியது. காரணம், அதற்கு மேல் போனால் ஊரில் அவர்களுடைய கிளினிக் மூடிவிடும், அவர்களும் சேமப் படையை விட்டே போய்விடுவார்கள்.

இதைக் கேட்டதிலிருந்து ஒன்று மனத்தை அரிக்கிறது. ஊரில் கிளினிக் என்ன ஆகும் என்று அவர்கள் முதலிலேயே யோசித்திருக்கிறார்கள். நான் உங்களுக்கு முதல் நாள் எழுதியது, "யோசிக்க ஒன்றுமில்லை."

9 செப்டம்பர்
வேலை இடத்தைப் பற்றி. 2014இல் அரசு வேலையை விட்டு ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனேன். நேர்காணலில் என் வத்தானியா சேவையைக் கேட்டுக் கைகுலுக்கினார்கள். முகாமுக்கு இரண்டு வாரம் கேட்டபோது, "அது உங்கள் சொந்த விருப்பம்" என்று சொல்லிச் சம்பளமில்லா விடுப்புகூடத் தரவில்லை. பதினைந்து வருடச் சேவை அந்த ஒரு வாக்கியத்தில் முடிந்தது. இன்றும் ஆறவில்லை. தனியாரில் இருப்பவர்கள் கைகுலுக்கலை நம்பாதீர்கள், எழுத்தில் வாங்குங்கள்.

22 செப்டம்பர்
இதை எழுத இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன்.

2011 ஜனவரி கடைசி. தைப்பூசம் முடிந்து பத்து நாள், சீனப் பெருநாளுக்குச் சில நாட்கள். மழை விடவில்லை. செகாமட் மூழ்கியது, லாபிஸ் பக்கமும் தண்ணீர். கிளினிக்கில் நாங்கள் இரண்டு எச்.ஏ. படையிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. அதே மணி நேரத்தில் கிளினிக்கிலிருந்தும் எல்லோரும் வர வேண்டும் என்று செய்தி. இரண்டு பட்டியலிலும் என் பெயர் இருந்தது. நான் ஒருவன்தான்.

படைக்குப் போனேன். போனதில் வேலை இருந்தது, மறுக்கவில்லை. இடுப்பளவு தண்ணீரில் நான்கு பேர் ஒரு மூதாட்டியை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தோம். ராணுவம் என்றால் எல்லாரும் சேர்ந்து கால் வைப்பது என்றுதானே நினைப்போம்? ஸ்ட்ரெச்சருக்கு நேர்மாறு. முன்னால் இடதுபக்கம் இருப்பவரும் பின்னால் வலதுபக்கம் இருப்பவரும் ஒரு காலை வைத்தால், மற்ற இருவரும் மறு காலை வைக்க வேண்டும். சேர்ந்து வைத்தால் ஸ்ட்ரெச்சர் தொட்டில்போல் ஆடி ஆளைக் கவிழ்க்கும். சமதளத்தில் கால் முன்னே, மேடேறும்போது தலை முன்னே. அந்த அம்மா என்னைப் பார்த்து, "தம்பி, என் செருப்பு" என்றார். செருப்பை என் சட்டைக்குள் வைத்துக்கொண்டு நடந்தேன். அந்த நாலு நாளை நான் பல கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன்.

சொல்லாதது இது. கிளினிக்கில் தனியாக நின்ற சக ஊழியர் ஒன்றரை நாள் தூங்கவில்லை. எங்கள் லயத்துப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், பல வருடமாக இன்சுலின் போடுபவர், என் நோயாளி. வீட்டில் தண்ணீர் ஏறியதும் பள்ளிக்கூடத்து நிவாரண மையத்துக்குப் போய்விட்டார். மருந்து குளிர்பெட்டியோடு வீட்டிலேயே நின்றுவிட்டது. ஆறு நாள் ஊசி இல்லை. கேட்கக் கூச்சப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. காலில் சின்னக் கீறல், சேற்றுத் தண்ணீர். ஒரு விரலை எடுக்க வேண்டியதாயிற்று.

நான் ஊரில் இருந்திருந்தால் முதல் நாளே அவரைத் தேடியிருப்பேன். யார் யாருக்கு இன்சுலின், யார் வாரம் மூன்று முறை டயாலிசிஸ் போகிறவர், எந்த வீட்டில் நிறைமாதம், எல்லாம் என் தலைக்குள் இருந்தது. தலையைத் தூக்கிக்கொண்டு செகாமட்டுக்குப் போய்விட்டேன்.

சக ஊழியர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

23 செப்டம்பர்
ஒருவர் எழுதியிருக்கிறார்: "அப்படியானால் சேர வேண்டாம் என்கிறீர்களா?" இல்லை. ஆனால் முதல் நாள் நான் எழுதிய "யோசிக்க ஒன்றுமில்லை" என்பதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். எழுதியதை அழிக்கமாட்டேன், அங்கேயே இருக்கட்டும்.

குறை வத்தானியாவில் இல்லை. மருத்துவ வேலையின் இயல்பு அப்படி. வங்கிக் கிராணி படைக்குப் போனால் வெள்ள நாளில் வங்கி பூட்டித்தான் கிடக்கும், இழப்பில்லை. படைக்கு மருத்துவ ஆள் தேவைப்படும் அதே நாளில்தான் மருத்துவமனைக்கும் தேவைப்படும். ஒரே ஆளை இரண்டு ஏட்டில் எழுதிவைத்தால் ஏட்டில் இருவர், ஊரில் ஒருவர்.

6 அக்டோபர்
இரண்டு ஏடு சிக்கலுக்கு நான் கண்ட மருந்தும் படையிலிருந்தே வந்தது. முகாமில் எதைச் செய்தாலும் முதலில் பெயர்ப் பட்டியல், ஆள் இல்லையென்றால் அடுத்தவர் யார் என்று பெயரோடு எழுதியிருக்கும். 2011க்குப் பிறகு ஒவ்வொரு நவம்பரிலும், வடகிழக்குப் பருவமழை கனப்பதற்கு முன், ஒரே தாளில் எழுதுவேன்: இன்சுலின், டயாலிசிஸ், நிறைமாதம், படுக்கையில் இருப்பவர். வீடு, எந்த நிவாரண மையத்துக்குப் போவார்கள், தொலைபேசி. பயன்பாட்டில் இருக்கும் இன்சுலின் பெரும்பாலும் நான்கு வாரம்வரை குளிர்பெட்டி இல்லாமல் தாங்கும், ஆகவே வெள்ளம் என்றால் ஊசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பச் சொல்லி ஒவ்வொருவரிடமும் வீட்டுக்கே போய்ச் சொல்வேன். தாள் இரண்டு பிரதி, பிளாஸ்டிக் உறையில். ஒன்று கிளினிக் சுவரில், ஒன்று சக ஊழியரிடம். நோயாளி விவரம் என்பதால் சுவர்ப் பிரதி மருந்தறைக்குள், வெளியார் கண்ணில் படாத பக்கம்.

2023 மார்ச்சில் மறுபடி பெரிய வெள்ளம் வந்தது. அப்போது நான் எந்தப் பட்டியலிலும் இல்லை. தாள் மட்டும் இருந்தது, பழைய கிளினிக்கின் பிள்ளைகள் வருடாவருடம் புதுப்பித்துக்கொண்டு வந்திருந்தார்கள்.

7 அக்டோபர்
படை அதிகம் என்று தோன்றுபவர்களுக்கு: குடிமைப் பாதுகாப்புப் படையான பெர்த்தஹானான் ஆவாம் இருக்கிறது, செஞ்சிலுவைச் சங்கத்தின் நம்மூர் உருவமான செம்பிறைச் சங்கம் இருக்கிறது, செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் இருக்கிறது. முதலுதவி அங்கும் நன்றாகவே கற்கலாம். இரண்டு ஏட்டுச் சிக்கல் அங்கும் உண்டு.

3 நவம்பர்
தங்கை தனிச் செய்தி அனுப்பியிருந்தார், அனுமதியோடு இங்கே சொல்கிறேன். அப்பா ஒருநாள் சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவிக்கொண்டே, "முகாமுக்கு எந்த பஸ்ஸில் போக வேண்டும்?" என்று கேட்டாராம். அவ்வளவுதான் அவர் சொன்னது. அம்மா இன்னும் முழுமனதாக இல்லை, ஆனால் ஜானகி அம்மையாரைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கிறாராம்.

மனு கொடுத்தாயிற்று. மருத்துவப் பரிசோதனை முடிந்தது. தலைமைத் தாதியான மேட்ரனிடம் பேசி, பேரிடர் அழைப்பு வந்தால் எது முதலில் என்று எழுத்தில் கேட்டிருக்கிறார். நான் பதினைந்து வருடத்தில் ஒருமுறைகூடச் செய்யாததை அவர் சேருவதற்கு முன்பே செய்துவிட்டார்.

பூட்ஸ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மாலையில் கால் வீங்கிய பிறகு அளவு பாருங்கள், தடித்த காலுறையோடு.

12 ஜனவரி 2025
முதல் முகாம் தேதி வந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். மகிழ்ச்சி, மிகப் பெரிய மகிழ்ச்சி. பொங்கலுக்கு என் வீட்டில் இதைத்தான் பேசப்போகிறோம்.

ஒன்று மட்டும். உங்கள் முதல் கேள்வியை இன்று காலை திரும்பப் படித்தேன். அந்த மலாய்த் தோழியும் உங்கள் வார்டுதானே? நீங்கள் இல்லாவிட்டால் யார் என்று மேட்ரனிடம் கொடுத்த தாளில் அவள் பெயரை எழுதியிருக்கிறீர்களா? அவளுக்கும் அதே அழைப்பு அதே நேரத்தில் வரும். இன்றே போய்ப் பாருங்கள்.